மூன்று மணி கான்வாய்

ராங்கத் பஜாரில் குணா வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்று இருபது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டி, வண்டி நின்ற இடத்தில் அதற்குள் ஒரு குட்டை தேங்க ஆரம்பித்திருந்தது. ஐஸ் சாயங்காலம் வரை தாங்கும் என்று தம்பி லாரன்ஸ் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான். மீனுக்குத் தாங்கும் என்று சொன்னான் போலிருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது எங்கள் அப்பா.

விஷயம் இதுதான். மாயாபந்தரிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்குப் போக இருப்பது ஒரே ரோடு. அது ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் புகுந்து போகிறது. அந்தக் காட்டுக்குள் நினைத்த நேரத்தில் யாரும் போக முடியாது. மிடில் ஸ்ட்ரெய்ட் கேட்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் ஒரு போலீஸ் ஜீப்பும் பின்னால் ஒன்றுமாகக் கூட்டிப்போவார்கள். அதைத்தான் கான்வாய் என்பது. கடைசி கான்வாய் மூன்று மணிக்கு. அதைப் பிடித்துவிட்டால் ஆறு மணிக்குள் வீடு. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிடுவாள். விட்டால் மறுநாள் காலைதான் கேட் திறக்கும். சித்திரை வெக்கையில் அதுவரை முகம் முகமாக இருக்காது, மூடியில் ஆணி அடித்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மாயாபந்தர் டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு மரப்பெட்டியைக் காட்டி, இதற்குள் இருக்கிறார் நம்பிக்கொள் என்று எப்படிச் சொல்வது?

குணா ஒரு டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். "டென்ஷன் மத் லோ அக்கா. ரெண்டு மணிக்கு முன்ன நீலாம்பூர் ஜெட்டில நிப்போம்" என்றான். டென்ஷன் ஆகாதே என்று எவன் சொன்னாலும் எனக்கு அதனாலேயே டென்ஷன் ஆகும். டீ குடிக்கப் போன லாரன்ஸைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டேன். பஜாரே திரும்பிப் பார்த்தது.

அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. லாரன்ஸ் புது போட் வாங்கியிருந்தான். சாமியார் அதை மந்திரிக்கும்போது தான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. அவளைப் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, நானும் என் மகள் திவ்யாவும்தான் அப்பாவை மாயாபந்தருக்குக் கூட்டிப்போனோம். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை. அந்த வாரம் கொல்கத்தா போகும் வழியில் இருந்தார். போட் மந்திரித்தாயிற்று, கறியும் சோறும் ஆயிற்று, மறுநாள் காலை பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். பஸ் ஆறு மணிக்கு. அப்பா நாலு மணிக்கே குளித்து, சட்டையை உள்ளே செருகி, ஷூ லேஸ் கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு லாரன்ஸ் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணிக்கு நான் எழுந்துவந்து, வழக்கம்போல இவ்வளவு அவசரம் என்னத்துக்கு என்று அவரைத் திட்டினேன். பாதித் திட்டில்தான் அவர் போய்விட்டார் என்பது தெரிந்தது.

அந்தப் பாதித் திட்டு இன்னும் என் வாயிலேயே நிற்கிறது.

குளிர்பெட்டிக்கு ஆள் அனுப்பினோம். ஊரில் இருந்த ஒன்று வேறொரு சாவு வீட்டில் இருந்தது. லாரன்ஸ் யோசிக்கவே இல்லை, மீன் அனுப்புகிறவனுக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். பலகைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் விரித்து, ஐஸ் உடைத்துக் கொட்டி, மேலே மரத்தூள் நிரப்பி, அதன்மேல் வேட்டி விரித்து அப்பாவைக் கிடத்தினான். பக்கங்களிலும் தூள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கையிலிருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். அப்பாவை என்ன வஞ்சிர மீன் என்று நினைத்தாயா என்று கேட்டேன். அவன் சாக்கை எடுத்து மிச்சத் தூளையும் கொட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது அவனுக்கு.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பதினேழு வருஷம் பட்டாளம், அதில் பாலம் கட்டுகிற, போட் ஓட்டுகிற பிரிவு. அம்மாவின் குடும்பம் முன்பே பாம்பூஃப்ளாட்டில் இருந்ததால், பட்டாளத்தை விட்டதும் இங்கேயே வந்து சாத்தம் மரமில்லில் சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் காலை ஃபெரியில் போய்ச் சாயங்கால ஃபெரியில் திரும்பினார். தலைமுடி, புருவம், காது மடல் எங்கும் மரத்தூளோடு வருவார். அம்மா அவரை வாசலில் நிறுத்தி, முந்தானையால் தலையைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவாள். பட்டாளத்தில் எத்தனை பேரை அதட்டினாரோ தெரியாது, அந்த இரண்டு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

எங்களை அவமானப்படுத்திய பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. எங்கே கிளம்பினாலும் ஆள் எண்ணிக்கை எடுப்பார். ஜெட்டியில், கோயில் வாசலில், கல்யாண வீட்டில், நூறு பேர் பார்க்க, எங்களை வரிசையில் நிறுத்தி முதலில் தானே பட்டாளத்து இந்தியில் "ஏக்" என்று சத்தமாகச் சொல்வார். அம்மா "தோ" என்று வெட்கத்தோடு முணுமுணுப்பாள். நான் "தீன்". தம்பி நாலாவது. பிறகு தம்பி மனைவி ஜெசிந்தா வந்ததும் அவள் ஐந்து, திவ்யா பிறந்ததும் அவள் ஆறு. என் வீட்டுக்காரர் எப்போதும் கப்பலில், இந்தக் கணக்கில் வந்ததில்லை. தலையை எண்ணிக்கொள்ள வேண்டியதுதானே, நாங்கள் என்ன ஆட்டுக்குட்டியா என்று காலேஜ் படிக்கும்போது நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்துச் சேரப் போன அன்று ஃபெரியில் அதற்குப் பதில் சொன்னார். எழுபத்தொன்று யுத்தத்தில், கிழக்கு வங்காளத்தில் ஓர் ஆற்றைப் போட்டில் கடந்தார்களாம். அப்பா நாயக், அவர் பொறுப்பில் பத்துப் பேர். விளக்குப் போடக் கூடாது. இருட்டில் தொட்டுத் தொட்டுத் தலையை எண்ணினார். பத்து இருந்தது. அக்கரை போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பத்தில் ஒரு தலை வழிகாட்ட வந்த உள்ளூர் படகுக்காரருடையது. கணபதி என்கிறவர் இக்கரையிலேயே விடுபட்டுப்போனார். இரண்டு நாள் கழித்து அவர் கிடைத்தார், உயிரோடு இல்லை.

"தலைய எண்ணாத பிள்ள, குரல எண்ணு" என்றார் அப்பா. "தல யாருதுன்னாலும் இருக்கலாம். குரலு அவன் அவனதுதான்."

அதற்குப் பிறகு நான் சண்டை பிடித்ததில்லை. வெட்கமாக இருந்தாலும் "தீன்" சொல்லிவிடுவேன்.

ராங்கத்தைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் நெட்வொர்க் போய்விடும். அதற்கு முன் வீட்டுக்குக் கூப்பிட்டேன். சொர்ணம்மா எடுத்து, எல்லாம் தயார், சாமியாரும் வந்துவிட்டார், நீங்கள் வந்தால் போதும் என்றாள். பிறகு போன் அம்மா கைக்குப் போனது. அம்மா அழவில்லை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டாள். நாலு பேரும் டிரைவரும் என்று சொன்னேன்.

"அப்பாவயும் சேத்துச் சொல்லு" என்றாள் அம்மா. "அவியள விட்டுட்டு எண்ணாத."

சரிம்மா, அஞ்சு பேர் என்றேன். அப்போதுதான் போனை வைத்தாள்.

பிறகு ரோடுதான். கதம்தலா தாண்டி ஓரிடத்தில் ரோடு வேலை, முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். லாரன்ஸ் இறங்கிப்போய் இந்தியில் கெஞ்சினான். நான் இறங்கிப்போய் இந்தியில் சண்டை போட்டேன். இரண்டும் பலிக்கவில்லை. மண் லாரி தன் வேலையை முடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. நல்லவேளையாக இரண்டு ஜலசந்தியில் ஒன்றுக்குப் பாலம் வந்துவிட்டது. அதில் மிச்சமான நேரம் இதில் போனது. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பின் கண்ணாடி வழியாகத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அப்பாவின் தலை எங்கே இடிக்கிறதோ என்று இருந்தது. ஜெசிந்தா ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் அந்த முணுமுணுப்பையும் என்னால் தாங்க முடியவில்லை, மனசுக்குள் சொல்லேன் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நீலாம்பூர் ஜெட்டிக்கு வந்தபோது இரண்டு ஐந்து. கேட் அக்கரையில். வண்டி ஏற்றும் ஃபெரிக்கு எங்களுக்கு முன்னால் பதினோரு வண்டிகள். ஒரு நடைக்கு எத்தனை வண்டி ஏறும் என்று குணாவைக் கேட்டேன். பஸ் வந்தால் அதற்கு முதல் இடம், இல்லாவிட்டால் ஏறிவிடலாம் என்றான். பஸ் வரக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் வீடு வாசல் இருக்கும் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

காத்திருந்த நேரத்தில் திவ்யா, சுனாமி அன்று நடந்ததை எனக்கே சொல்லத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு மூன்று வயது, எதுவும் நினைவிருக்க வழியில்லை. தாத்தா சொல்லிக் கேட்டது. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. வீடு ஆடி நின்றதும் அப்பா எங்கள் எல்லாரையும் விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏற்றினார். ஏற்றி நிறுத்தியதும் ஏக் என்றார். அடுத்த குரல் வரவில்லை. கோழிக்கூட்டைத் திறந்துவிட அம்மா திரும்பிப் போயிருந்தாள். அப்பா இறங்கிப் போனார். தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அம்மா அவர் முதுகில் இருந்தாள், அவள் கக்கத்தில் ஒரு கோழி இருந்தது. மேலே வந்து இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, மறுபடி முதலிலிருந்து ஏக் என்றார். அம்மா தோ சொன்னாள். எல்லாரும் சொன்னோம். திவ்யாவுக்குச் சொல்லத் தெரியாமல் வீறிட்டு அழுதாள். அழுகையும் குரல்தான் என்று அதை ஆறாகச் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கோழியை அதற்குப் பிறகு யாரும் அறுக்க விடவில்லை அப்பா.

வரிசையில் நின்ற நேரத்திலேயே கேட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஃபாரத்தை எழுதி முடித்தேன். இந்தத் தீவில் ஃபாரம் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. முப்பது வருஷமாக அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிற எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நான் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. வண்டி எண், டிரைவர் பெயர், அடையாள அட்டை எண். பிறகு பயணிகள், வயதில் மூத்தவர் முதலில். சிலுவைராஜ், 83. சோபியா, 56. லாரன்ஸ், 51. ஜெசிந்தா, 46. திவ்யா, 23. மொத்தம் ஐந்து. அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. இரண்டு பிரதியும் எழுதி, மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டேன்.

பஸ் வரவில்லை. எங்கள் வண்டி கடைசியாக ஏறியது. ஃபெரி மிடில் ஸ்ட்ரெய்ட்டில் போய் முட்டியபோது இரண்டு நாற்பத்து மூன்று. குணா வண்டியை இறக்குவதற்குள் நான் கேட் கவுண்டருக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் ஃபாரத்தை வாங்கி, ரிஜிஸ்டரில் ஐந்து என்று ஏற்றி, இரண்டு பிரதியிலும் முத்திரை வைத்து, ஒன்றைக் கொடுத்தார். கவுண்டரைச் சாத்திவிட்டார். கடைசி வண்டி எங்களுடையதுதான். இனி ஒன்றும் இல்லை, பிடித்துவிட்டோம் என்று எனக்கு அழுகை வரப் பார்த்தது. வரிசையில் போய் வண்டிக்குள் உட்கார்ந்து, அன்றைக்கு முதல்முறையாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

ஒரு கான்ஸ்டபிள் ஒவ்வொரு வண்டியாக ஃபாரத்தைப் பார்த்து ஆட்களை எண்ணிக்கொண்டு வந்தார். எங்கள் வண்டிக்குள் குனிந்து விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மேடம், ஏக் ஆத்மி கம் ஹை" என்றார்.

ஒரு ஆள் எப்படிக் குறையும், உங்களுக்கு எண்ணத் தெரியாதா என்று நான் பாய்ந்தேன். அவர் நிதானமாகத்தான் சொன்னார். டிரைவர் போக ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறது, இருப்பது நாலு. ஐந்தாவது ஆள் எங்கே இறங்கினார்? அவர் கேட்டதில் தப்பில்லை. காட்டுக்குள் யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதற்குத்தானே அந்தக் கேட்டே இருக்கிறது. நானே எண்ணினேன். நாலுதான் வந்தது.

லாரன்ஸ் ஃபாரத்தை வாங்கிப் படித்தான். "எக்கா, அப்பா பேர எழுதியிருக்க" என்றான்.

ஜெசிந்தாவின் பையிலிருந்து டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்துக் காட்டினோம். கான்ஸ்டபிள் அதைப் படித்துவிட்டுப் பின்னால் போனார், தார்ப்பாயைத் தூக்கினார், மூடியை லாரன்ஸ் ஒரு விரற்கடை விலக்கிக் காட்டினான். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். காகிதம் சரியாக இருக்கிறது, ஆனால் இந்தக் கணக்கோடு விட முடியாது, அந்தப் பக்கம் ஜிர்காட்டாங் கேட்டில் மறுபடி எண்ணுவார்கள், அங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்றார். புது ஃபாரம் எழுதி நம்பர் போட நேரமில்லை. இரண்டு பிரதியிலும் ரிஜிஸ்டரிலும் அந்தப் பெயரை அடித்து, பயணிகள் நாலு, சடலம் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர்தான் அடிக்க வேண்டும்.

மணி இரண்டு ஐம்பத்தாறு. முன்னால் போலீஸ் ஜீப் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பேனா என் கையில் இருந்தது. சிலுவைராஜ், 83. முப்பது வருஷத்தில் நான் எழுதியதிலேயே நேரான எழுத்து அதுதான் என்று தோன்றியது. அவரை விட்டுவிட்டு எண்ணாதே என்று அம்மா சொன்னாள். சரி என்று சொன்னவள் நான். கணபதி ஒருவரை எண்ணாமல் விட்டதற்காக ஐம்பது வருஷம் ஜெட்டியில் நின்று சத்தம் போட்டு எண்ணிய மனிதரை நான் அடிக்க வேண்டும். என்னால் முடியவில்லை. லாரன்ஸ் கொடு நான் அடிக்கிறேன் என்றான். அதற்கும் கொடுக்க மனம் வரவில்லை. முன் வண்டி நகர்ந்து எங்களுக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. பின்னால் நின்ற ஜீப்பில் ஹார்ன் அடித்தார்கள்.

"பேரு போனாப் போகட்டும்மா" என்றாள் திவ்யா. "ஆச்சி முகத்தப் பாக்கணும்."

அடித்தேன். எங்கள் பிரதியில் ஒன்று, அவர்கள் பிரதியில் ஒன்று, கவுண்டரைத் திறக்க வைத்து ரிஜிஸ்டரில் ஒன்று. மூன்று கோடும் கோணலாகத்தான் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் கையெழுத்து. ஓடிவந்து ஏறினேன். கேட் எங்களுக்குப் பின்னால் இறங்கியது.

கான்வாய் பிடித்த சந்தோஷம் வண்டிக்குள் எல்லாருக்கும் இருந்தது, எனக்குத்தான் இல்லை. காட்டுக்குள் நிற்கக் கூடாது, ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்படியே ஊர்ந்து போக வேண்டும். அவ்வளவு தூரமும் எனக்கு ஒரே யோசனை. போனதும் அம்மா எத்தனை பேர் வந்தீர்கள் என்று கேட்பாள். அஞ்சு என்று பொய் சொல்வதா, நாலு என்று நிஜத்தைச் சொல்வதா? ஒரு காகிதத்தில் கோடு கிழித்ததற்கு இவ்வளவு கலங்குவாயா என்று மனசு கேட்டது. அப்பாவும் ஒரு தலையைத்தான் மாற்றி எண்ணினார், அதைச் சாகும்வரை சுமந்தார். எனக்கு என்மேலேயே பயமாக இருந்தது.

ஜிர்காட்டாங்கில் எண்ணினார்கள். நாலு என்றார்கள். சரியாக இருந்தது.

பெரார்கஞ்ச் வந்ததும் நெட்வொர்க் வந்தது. சொர்ணம்மா எட்டு முறை கூப்பிட்டிருந்தாள். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. பின்னால் தண்ணீர் சொட்டுவது நின்றுபோய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஐஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். குணா என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலேயே வேகத்தைக் கூட்டினான். விம்பர்லிகஞ்ச் வளைவுகளில் பெட்டி நகரும் சத்தம் கேட்டது. லாரன்ஸ் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

பாம்பூஃப்ளாட்டில் வீட்டு முன் வண்டி நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், முன்னால் வாக்கர். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எழவில்லை என்று சொர்ணம்மா சொன்னாள். தெருக்காரர்கள் பெட்டியை இறக்கி அம்மாவுக்கு முன் இரண்டு பெஞ்சில் வைத்தார்கள். லாரன்ஸ் மூடியை எடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் எதுவும் சொல்லாததால் திறந்து பார்த்தேன்.

முகம் முகமாகவே இருந்தது. கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் வந்த குலுக்கலில் தூள் மேலே ஏறி, தலைமுடி, புருவம், காது மடல் எங்கும் அப்பியிருந்தது. லாரன்ஸ் அவசரமாகத் துடைக்கப் போனான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"மில்லுலருந்து வந்த மாதிரியே வந்திருக்காவ" என்றாள்.

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தட்டிவிட ஆரம்பித்தாள். முதலில் தலை, பிறகு புருவம், பிறகு காது. அவசரமே படவில்லை. எல்லாம் முடித்து, கையை அவர் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், எத்தனை பேர் வந்தீர்கள் என்று கேட்டாள்.

"நாலு பேரும்மா" என்றேன். "கேட்டுல அப்பா பேர அடிச்சிட்டேன். அடிக்கலன்னா விட்டிருக்க மாட்டாங்க. நீங்க முகத்தப் பாக்கணும்னு அடிச்சிட்டேன்."

சொல்லி முடிக்கும்போது என் குரல் என்னுடையதாக இல்லை. அம்மா என்னைத் திட்டவும் இல்லை, சமாதானமும் செய்யவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவர் பேசுவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். எப்போதும் அவர் முதலில் சொல்ல, அதற்குப் பிறகுதான் இவள் சொல்வாள். தெருவில் நின்றவர்கள் ஏனென்று தெரியாமலே பேச்சை நிறுத்தினார்கள். அவர் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருந்தாள்.

"தோ" என்றாள் பிறகு. முணுமுணுக்கவில்லை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜெட்டியில் அப்பா பார்ப்பாரே, அடுத்தது நீதானே என்று, அந்தப் பார்வை.

"தீன்" என்றேன்.